இரவல் மூக்கு

செவ்வாய்க்கிழமை காலை என் மூக்கு காலமானது.

முகத்தில் இருந்ததென்னவோ இருந்தது. கண்ணாடியைத் தாங்கியது. மூச்சுக்கூட விட்டது. வாசனை மட்டும் வரவில்லை. சோப்பை முகர்ந்தேன், ஒன்றுமில்லை. பற்பசையை முகர்ந்தேன், ஒன்றுமில்லை. கடைசியாக மனதைத் திடப்படுத்திக்கொண்டு என் ஷூவுக்குள் முகத்தை விட்டேன். ஒன்றுமே இல்லை! என் ஷூவுக்குள் தலையை விட்டவன் மயங்கி விழாமல் எழுந்து வந்தால், அவனுக்கு மூக்கு வேலை செய்யவில்லை என்பதற்கு வேறு டாக்டர் சர்டிபிகேட் தேவையில்லை.

ஊரில் யாருக்குத்தான் ஜலதோஷம் வரவில்லை என்று நீங்கள் கேட்கலாம். உங்களுக்கு வந்தால் அது ஜலதோஷம். எனக்கு வந்தால் அது வேலை நிறுத்தம். நான் பீர் ஆலையில் சுவை பார்க்கிறவன். சுவை என்றதும் நாக்கு என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அதெல்லாம் சும்மா. நாக்குக்கு இனிப்பு, புளிப்பு, கசப்பு, உப்பு என்று சில்லறை விஷயங்கள்தான் தெரியும். மிச்சத்தையெல்லாம் கண்டுபிடிப்பது மூக்கு. உழைப்பு ஒருத்தருக்கு, பேர் இன்னொருத்தருக்கு. கல்யாணமானவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார் ஓட்டப் பழக்கும் பள்ளியில் அவள் பயிற்சியாளர். பகலெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "பிரேக்! பிரேக்!" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு வருகிறவள். வீட்டுக்குள் வந்தால் குரலை உயர்த்தவே மாட்டாள். எனக்கு அதுதான் பயம்.

ஆனாலும் வீட்டில் என் பேச்சுதான் பேச்சு. அவள் ஒன்று சொன்னால் நான் வேறு ஒன்று செய்வேன். மனைவி சொல்லுக்குத் தலையாட்டுகிறவன் என்று தெருவில் பேர் வாங்கிவிடக் கூடாது பாருங்கள். "சின்ன ஃப்ரிட்ஜே போதுங்க" என்றாள். பெரியதாக வாங்கிப் போட்டேன். "காத்தோட்டமான ரூமை நீங்க வச்சுக்குங்க" என்றாள். அதெப்படி, நீயே வைத்துக்கொள் என்று அவள் தலையிலேயே கட்டினேன். "உங்க தங்கச்சி வந்தா ஒரு மாசமாவது தங்கட்டும்" என்றாள். வந்த மறுநாளே டிக்கெட் எடுத்து அனுப்பிவைத்தேன். பாவம், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை.

அப்படிப்பட்டவளிடம் "எனக்கு மூக்கு போச்சு" என்று எப்படிப் போய்ச் சொல்வது? அவள் சமையலை நான் இத்தனை வருஷமாக விமர்சனம் செய்து வந்ததே இந்த மூக்கை வைத்துத்தான். சும்மா நல்லா இருக்கு, நல்லா இல்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். தொழில் முறையில் சொல்வேன். "முதல்ல ஒரு பூண்டு வாசனை வருது. நடுவுல கொஞ்சம் தொய்வு. முடிவு சரியில்லை." மூக்கு போன விஷயம் தெரிந்தால், அடுத்த முறை வாயைத் திறக்க முடியுமா?

அதனால் வழக்கப்படியே நடந்துகொண்டேன். வியாழக்கிழமை கிண்ணத்தில் கோழி சூப் வைத்தாள். ஒரு வாய் உறிஞ்சினேன். சூடாக இருந்தது, உப்பாக இருந்தது. அதற்கு மேல் தகவல் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை உயர்த்தி, "மிளகு ஒரு துளி தூக்கல்" என்றேன்.

"அப்படிங்களா?" என்றாள். "கோழி?"

"கோழி பரவாயில்லை. கொஞ்சம் வயசான கோழி."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஆலையில் இடி விழுந்தது. எங்கள் மேனேஜரின் மீசையில் எப்போதும் ஒரு துளி நுரை ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் அவருக்கு 'நுரை' என்று பேர். அவர் என்னையும் லேபில் வேலை பார்ப்பவரையும் கூப்பிட்டார். லேப்காரர் ஒல்லியாக நெட்டுக்குத்தாக இருப்பார். அவருக்கு 'டெஸ்ட் ட்யூப்' என்று பேர்.

"தலைமைச் சுவைஞர் பதவி காலியாகுது" என்றார் நுரை. "உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான். பரீட்சை வச்சுத்தான் கொடுக்கப் போறேன். தோத்தவர் லோடிங் செக்‌ஷனுக்குப் போய் லாரிக்குப் பெட்டி எண்ணணும்."

அந்தப் பதவிக்காக நான் தவம் கிடந்தவன். தனி அறை, தனி நாற்காலி, கதவில் பலகை. போகட்டும், பதவி வராவிட்டாலும் பரவாயில்லை. லாரிப் புகைக்கு நடுவில் பெட்டி எண்ணிக்கொண்டு நின்றால், என் மூக்கு திரும்பி வந்தாலும் என்னை அடையாளம் கண்டுபிடிக்காது.

நுரை ஆளுக்கு நான்கு பாட்டில் கொடுத்தார். லேபிள் கிடையாது. மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை என்று மூடி மட்டும் வேறு வேறு நிறம்.

"ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்பெஷல் மால்ட் போட்டிருக்கேன். எது எதுல என்ன மால்ட்னு சொல்லணும். என்ன வாசனையை வச்சுக் கண்டுபிடிச்சீங்கன்னும் சொல்லணும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. இங்க ஆலை முழுக்கக் கொதிக்கிற வாடை, மூக்கு ஏமாந்துடும். திங்கக்கிழமை வாங்க."

உங்களுக்குப் புரியும்படி சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆலையில் ஸ்பெஷல் மால்ட் நான்கே வகை. பார்லியை ஊறவைத்து, முளைவிடச் செய்து, காயவைத்தால் மால்ட். அதையே லேசாக வறுத்தால் பிஸ்கட் மால்ட், ரொட்டி வாசனை கொடுக்கும். ஈரத்தோடு வேகவைத்து, உள்ளே இருக்கிற சர்க்கரையைப் பாகாக்கிக் காயவைத்தால் கேரமல் மால்ட். நன்றாகக் கறுக்க வறுத்தால் சாக்லேட் மால்ட். சாக்லேட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, வாசனை மட்டும் காபி மாதிரி, கோகோ மாதிரி வரும். அடுப்பை விட்டு இறக்காமல் கரியாகும் வரைக்கும் வறுத்தால் பிளாக் மால்ட். இதில் தீய்ந்த வாசனைதான். சமையலில் இதற்குத் திட்டு விழும், பீரில் இதற்கு விலை அதிகம்.

வீட்டுக்கு வந்து நான்கையும் கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பார்த்தேன். மஞ்சள் மூடி பொன் நிறம். சிவப்பு மூடி செம்பு நிறம். இதற்கு மூக்கு எதற்கு, கண் போதும். பொன் நிறம் பிஸ்கட், செம்பு நிறம் கேரமல். ஆனால் நீலமும் பச்சையும்? இரண்டும் அட்டைக்கரி. ஒன்று சாக்லேட், இன்னொன்று பிளாக். எது எது? நாக்கில் விட்டுப் பார்த்தேன். "கசப்பு" என்றது. இன்னொன்றை விட்டேன். "இதுவும் கசப்பு" என்றது. நாக்கின் படிப்பு அவ்வளவுதான்.

சரி, கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றைச் சொல்லிவிடலாம் என்றால், வாசனையையும் சொல்ல வேண்டுமே! ஒரு மூக்கு வேண்டும். உடனே வேண்டும். வீட்டில் இருந்தது ஒரே ஒரு மூக்கு. "என் வேலையில மூக்கை நுழைக்காதே" என்று இத்தனை வருஷமாக எதை விரட்டினேனோ, அதே மூக்கு.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு திட்டத்தோடு சமையலறைக்குப் போனேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தா, ஆபீஸ்ல ஒரு சர்வே எடுக்கச் சொல்லியிருக்காங்க" என்றேன்.

"என்ன சர்வே?"

"பீரைப் பத்தி ஒண்ணுமே தெரியாத பொதுமக்கள், அதை மோந்து பார்த்து என்ன சொல்றாங்கன்னு எழுதிட்டு வரணுமாம்."

"ஒண்ணுமே தெரியாத பொதுமக்கள்னதும் என் ஞாபகம் வந்துச்சாக்கும்?"

"சேச்சே! நீ கிட்ட இருக்கியேன்னு…"

"உங்க மூக்கு என்னாச்சு?"

"என் மூக்குக்கு என்ன? என் மூக்கு நிபுணர் மூக்கு. நிபுணர் மூக்கு சர்வேயில செல்லாது."

அவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மஞ்சள் மூடி டம்ளரை எடுத்து முகர்ந்தாள்.

"டோஸ்ட்டரைத் தலைகீழாத் தட்டினா ரொட்டித்தூள் விழுமே, அந்த வாசனை. அப்புறம் காலியான பிஸ்கட் பாக்கெட்."

அடி சக்கை! பாடப் புத்தகத்தில்கூட இவ்வளவு சுத்தமாக எழுதவில்லை. சிவப்பு மூடியை நீட்டினேன்.

"சர்க்கரைப் பாகு. அடுப்பைக் குறைக்க மறந்துட்டாங்க. கூடவே உலர்ந்த திராட்சை."

அதேதான். கேரமல் மால்ட்டின் சாமுத்திரிகா லட்சணமே அந்தத் திராட்சைதான். ஆனால் அவள் சொல்லிவிட்டாளே! என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"திராட்சையா? உனக்கென்ன தெரியும்? பீர்ல எவனாவது திராட்சை போடுவானா?"

"போட்டிருக்குன்னு நான் சொன்னேனா? வாசனை வருதுன்னேன்."

"அது திராட்சை இல்லை. மிட்டாய்."

"திராட்சை."

"மிட்டாய்!"

"மோந்து பார்த்தது நானா, நீங்களா?"

நான் அடுத்த டம்ளரை அவள் பக்கம் தள்ளினேன். அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நீல மூடி டம்ளரை எடுத்தாள். முகர்ந்தாள். வைத்தாள். பச்சையை எடுத்தாள். முகர்ந்தாள். மறுபடி நீலம்.

"நீலம் இருக்கே… கிளட்ச்."

"என்னது?"

"புதுசா ஓட்டக் கத்துக்கறவங்க கிளட்ச்சைப் பாதி மிதிச்சுக்கிட்டே மேட்டுல ஏத்துவாங்க. அப்ப கருகி ஒரு வாசனை வரும். அது. அணைச்ச அடுப்புச் சாம்பல்."

"பச்சை?"

"காபித்தூள் டப்பாவைத் திறந்த உடனே வர்ற வாசனை. ஓரத்துல கொஞ்சம் கோகோ."

நீலம் பிளாக், பச்சை சாக்லேட்! பிரச்சினை தீர்ந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"சரியாச் சொன்னே!" என்றேன்.

அவள் தூக்கிவாரிப்போட்ட மாதிரி நிமிர்ந்தாள். "என்ன சொன்னீங்க?"

"சரின்னு சொன்னேன். நீ சொன்னா கரெக்டாத்தான் இருக்கும்."

அவள் முகம் ஏனோ வெளிறிப் போனது. பாராட்டிப் பழக்கமில்லாத வீடு, அதிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் சோபாவில் படுத்திருந்தேன். அவள் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டே போனில் பேசிக்கொண்டிருந்தாள். என்றைக்கும் இல்லாத சத்தம். வீட்டுக்குள் குரல் உயர்த்தாதவள் ஆயிற்றே என்று எழுந்துபோய்த் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன்.

"ஆமாக்கா! செவ்வாய்க்கிழமையே மூக்கு அவுட்டு! எனக்குத் தெரியாதா? வியாழக்கிழமை வெறும் சுடுதண்ணியில உப்பும் கொஞ்சம் மஞ்சத்தூளும் போட்டுக் கொடுத்தேன். மிளகு தூக்கல்ங்கறார்! வயசான கோழிங்கறார்!"

திரைச்சீலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"சும்மா விடுவேனாக்கா? எத்தனை வருஷமாச் சமையலுக்கு மார்க் போட்டிருக்கார்! ரெண்டு கறுப்பு பீரு கொண்டாந்து சர்வேன்னார். நல்லா மாத்திச் சொல்லிட்டேன். அப்படியே நம்பிட்டார்க்கா! நாளைக்கு ஆபீஸ்ல இருக்கு வேடிக்கை!"

அடிப்பாவி!

பூனை மாதிரி சோபாவுக்குத் திரும்பி வந்து போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். போர்வைக்குள்ளே எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதில் ஒரு மூட்டை மால்ட்டை வறுத்திருக்கலாம். புருஷன் லாரிப் பெட்டி எண்ணப் போனாலும் பரவாயில்லை, பழி தீர்க்க வேண்டுமாம்! கேட்டுவிடலாமா? கேட்டால் மூக்கு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சுடுதண்ணியில் கோழியைக் கண்ட கதையும் வெளியே வரும்.

அப்புறம் மெல்ல மெல்ல எனக்குச் சிரிப்பு வந்தது. மாற்றித்தானே சொன்னாய்? இருப்பதே இரண்டு பாட்டில். நான் திருப்பி மாற்றிவிட்டால் சரியாகப் போயிற்று. நீலம் சாக்லேட், பச்சை பிளாக். என்னிடமா? நான் யார்!

திங்கட்கிழமை நுரையின் அறையில் டெஸ்ட் ட்யூப்பும் நானும் நின்றோம். முதலில் டெஸ்ட் ட்யூப்பைக் கேட்டார். மஞ்சளையும் சிவப்பையும் அவர் சரியாகச் சொன்னார். நீலம் என்றதும் தலையைச் சொறிந்து, "பிளாக் மால்ட் சார். தீஞ்ச வாசனை" என்றார். நுரையின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மீசையில் நுரை மட்டும் தெரிந்தது.

"நீங்க?" என்றார் என்னைப் பார்த்து.

"மஞ்சள், பிஸ்கட் மால்ட். டோஸ்ட்டரைத் தலைகீழாத் தட்டினா விழற ரொட்டித்தூள் வாசனை சார். சிவப்பு, கேரமல். அடுப்பைக் குறைக்க மறந்த சர்க்கரைப் பாகு. உலர்ந்த திராட்சை."

"நீலம்?"

தப்பாக இருந்தால் லாரி. மனைவியை நம்புவதா, அவள் அக்காவிடம் பேசியதை நம்புவதா?

"சாக்லேட் மால்ட் சார். காபித்தூள் டப்பாவைத் திறந்த உடனே வர்ற வாசனை, ஓரத்துல கோகோ. பச்சை, பிளாக் மால்ட். புதுசா ஓட்டறவன் மேட்டுல வண்டியை ஏத்தறப்ப கிளட்ச் கருகுமே, அது."

நுரை எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் மீசை என் சட்டையில் முத்திரை குத்தியது.

"கிளட்ச்! கிளட்ச்! இத்தனை வருஷ சர்வீஸ்ல இந்த வார்த்தையை ஒருத்தன் சொன்னதில்லைய்யா! நீர்தான் தலைமைச் சுவைஞர். அடுத்த வாரம் வந்து நாற்காலியில உட்காரும்!"

அடுத்த வாரம்! அதற்குள் மூக்கு திரும்பி வந்துவிடும் என்று, வீட்டுக்குத் தெரியாமல் நான் போய்ப் பார்த்த டாக்டர் சொல்லியிருந்தார். படிகளில் நான் இறங்கவில்லை, மிதந்தேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் அடுப்படியில் சூப் கிளறிக்கொண்டிருந்தாள். நிஜ சூப்தான். இந்தத் தடவை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

"தலைமைச் சுவைஞருக்கு ஒரு கிண்ணம் கொண்டா" என்றேன்.

அவள் கரண்டியை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினாள். "கிடைச்சிடுச்சா? எல்லாம் கரெக்டா?"

"கரெக்ட். உன் புண்ணியத்துல இல்லை. என் மூளையால. நீ என்னை ஏமாத்தப் பார்த்தே. நீலத்தைப் பச்சையாவும் பச்சையை நீலமாவும் மாத்திச் சொன்னே. நான் கண்டுபிடிச்சுட்டேன். திருப்பிப் போட்டுட்டேன்!"

கோபப்படுவாள், அழுவாள், மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்து நெஞ்சில் கை வைத்தாள்.

"அப்பாடா! திருப்பிப் போட்டுட்டீங்களா? இப்பத்தாங்க எனக்கு உயிரே வந்துச்சு!"

"என்னது?"

"பின்னே? சிவப்பு மூடியை நேரா சொல்லிப் பார்த்தேன். மல்லுக்கு நின்னீங்க. நீலத்தையும் நேரா சொன்னா, நான் சொன்னதுக்காகவே ஆபீஸ்ல போய் மாத்திச் சொல்லிட்டு லாரியோட நிப்பீங்க. டெஸ்ட் ட்யூப் வீட்டம்மா எங்கிட்டதான் கார் கத்துக்கறாங்க. உங்க பரீட்சையில தோத்தவங்களுக்கு லோடிங்தான்னு அவங்க சொன்னாங்க. சரின்னு நானே முதல்ல மாத்திச் சொன்னேன். நீங்க என்னடான்னா, வாழ்க்கையில முதல் தடவையா 'சரியாச் சொன்னே'ங்கறீங்க! எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. ராத்திரியெல்லாம் யோசிச்சு, அப்புறம்தான் பால்கனியில போய் அவ்வளவு சத்தமாப் பேசினேன்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். "அப்ப உங்க அக்கா?"

"எந்த அக்கா? போன்ல சார்ஜே இல்லைங்க. உங்க கால் ரெண்டும் திரைக்குக் கீழே தெரியற வரைக்கும் துணியைத் திருப்பித் திருப்பிக் காயப்போட்டேன்."

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டே?"

"எங்க ஸ்கூல்ல ஒருத்தர் இருக்கார். லெஃப்ட்னா ரைட்ல திருப்புவார். அவர்கிட்ட லெஃப்ட்ல போகணும்னா நான் ரைட்னுதான் சொல்வேன். வண்டி ஒழுங்காப் போகுது."

எனக்கு ஒவ்வொன்றாக என்னென்னவோ ஞாபகம் வந்தது.

"அப்ப… கல்யாணமானதுலேர்ந்து முக்கியமான விஷயம் எதையுமே நீ எங்கிட்ட நேரா சொன்னதில்லையா?"

அவள் எழுந்துபோய் அடுப்பைக் குறைத்தாள். கரண்டியை எடுத்துச் சூப்பை ஒரு சுற்று கிளறினாள்.

"கல்யாணத்துக்கு அப்புறம் இல்லைங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை நேரா சொன்னேன்."

"என்ன சொன்னே?"

"'என்னைக் கட்டிக்காதீங்க'ன்னு சொன்னேன்."